எஸ்ஏ15: ஓர் அளவீட்டின் பயணம்

லினக்ஸ் சர்வர் ஒன்று ஓடத் தொடங்கியதுமே கெர்னல் கணக்கு எழுத ஆரம்பித்துவிடுகிறது. சிபியு புரோகிராம்களுக்காக உழைத்த நேரம், சிஸ்டம் வேலைக்காக உழைத்த நேரம், டிஸ்க்குக்காகக் காத்திருந்த நேரம், சும்மா இருந்த நேரம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கவுன்ட்டர். நொடிக்கு 100 டிக் என்ற அலகில் அவை ஏறிக்கொண்டே போகும். ஈபி மீட்டர் மாதிரிதான்: இன்றைய ரீடிங்கை மட்டும் பார்த்து பில் போட முடியாது, போன ரீடிங்கைக் கழிக்க வேண்டும்.

அந்த ரீடிங்கை எடுப்பது செபாஸ்தியன் கொதார் உருவாக்கிய 'சிஸ்ஸ்டாட்' தொகுப்பு. வழக்கமான அமைப்பில் 10 நிமிடத்துக்கு ஒருமுறை வந்து, கவுன்ட்டர்களை அப்படியே படித்து, அன்றைய பைனரி ஃபைலின் கடைசியில் சேர்த்துவிட்டுப் போகும். நாளுக்கு 144 ரீடிங். 15ஆம் தேதியின் ஃபைலுக்கு எஸ்ஏ15 என்று பெயர். அதில் சதவீதம் எதுவும் இல்லை. பின்னால் யாராவது 'சார்' கட்டளையைக் கொடுத்துப் படிக்கும்போதுதான் கழித்தலும் வகுத்தலும் நடக்கின்றன. ஆகவே ரிப்போர்ட்டில் தப்பாகத் தெரியும் எண், ஃபைலில் தப்பாக இருந்தே தீர வேண்டும் என்பதில்லை.

எஸ்ஏ15 என்ற பெயரில் மாதம் கிடையாது, எந்த சர்வர் என்பதும் கிடையாது. டெபியனில் 7 நாள், ரெட் ஹாட்டில் 28 நாள் என்பது வழக்கமான ஆயுள். அதற்குள் வேறிடத்துக்கு நகல் எடுத்து வைத்தால்தான் உண்டு. பல சர்வர்களின் ஃபைல்களை ஒரே ஃபோல்டரில் போட்டால் ஒன்றின் மேல் ஒன்று எழுதப்பட்டுவிடும். காப்பகத்தைச் சோதிப்பவர் அதனால்தான் எண்களைத் தொடுவதற்கு முன் 'சார்' காட்டும் தலைப்பு வரியைப் படிக்க வேண்டும். ஹோஸ்ட் பெயர், தேதி, சிபியு எண்ணிக்கை மூன்றும் அங்கே இருக்கின்றன. வடிவம் ஒத்துப்போகாத வேறு வெர்ஷனில் எழுதிய ஃபைலாக இருந்தால், 'சார்' அதைச் செல்லாத ஃபைல் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடும். அந்தச் செய்தியை நம்பி ஃபைலை அழிப்பது பெரிய தவறு. உள்ளே இருப்பது நல்ல தரவாகவே இருக்கலாம். பழைய வடிவத்தைப் புதியதாக மாற்ற 'சாட்எஃப்' கட்டளையில் வழி இருக்கிறது.

அடுத்தது கூட்டல். 8 சிபியு, 600 நொடி, நொடிக்கு 100 டிக்: இரண்டு ரீடிங்குகளுக்கு இடையே எல்லா நேரங்களும் சேர்ந்து ஏறக்குறைய 4,80,000 டிக் வர வேண்டும். பெரிய அளவில் குறைந்தாலோ கூடினாலோ நேரத்தில் கோளாறு, அல்லது நடுவில் ரீடிங் விட்டுப்போயிருக்கிறது. சர்வர் ரீபூட் ஆனால் கவுன்ட்டர்கள் பூஜ்யத்துக்குத் திரும்பும். 'சார்' அந்த இடத்தில் ரீஸ்டார்ட் என்று ஒரு வரி போட்டுவிட்டு, அதைத் தாண்டிக் கழிக்காது. நாமே எழுதிய ஸ்கிரிப்ட்டுகள்தான் கண்ணை மூடிக்கொண்டு கழித்து, மைனஸ் எண்ணையோ இருபது இலக்க எண்ணையோ கொண்டுவந்து நிறுத்தும். டிஸ்க்குக்காகக் காத்திருந்த நேரம் மட்டும் ரீபூட் இல்லாமலேயே சில சமயம் குறையக்கூடும். கெர்னலின் கையேடே அதை நம்ப வேண்டாம் என்கிறது.

மைனஸ் எண் குறித்து எனக்குக் கவலையில்லை, அது கண்ணில் பட்டுவிடும். நம்பும்படியாக இருக்கும் பொய்தான் ஆபத்து. நெட்வொர்க் பைட்டுகளை எண்ணும் 32 பிட் கவுன்ட்டர் 4,29,49,67,296ஐத் தொட்டதும் பூஜ்யத்துக்குப் போய்விடும். 100 எம்பிபிஎஸ் லைன் முழு வேகத்தில் ஓடினால் ஆறு நிமிடத்துக்குள் ஒரு சுற்று முடிந்துவிடும். ரீடிங்கோ 10 நிமிடத்துக்கு ஒன்று. உண்மையில் போனது 750 கோடி பைட்; கணக்கில் வருவது சுமார் 320 கோடி. நிரம்பி வழிந்த லைன் கிராஃபில் 43 எம்பிபிஎஸ் என்று சாதுவாகத் தெரியும். அந்தக் கிராஃபை நம்பி, லைனில் இன்னும் பாதிக்கு மேல் இடம் இருக்கிறது என்று முடிவெடுத்துவிடுவார்கள். 64 பிட் கவுன்ட்டர் வந்த பிறகு இந்தத் தொல்லை இல்லை. பழைய காப்பகங்களில் அது அப்படியே கிடக்கிறது.

இதற்கு நேரெதிரான கதையும் உண்டு. 2012 ஜூன் 30 நள்ளிரவில், உலக நேரப்படி, கடிகாரத்தில் ஒரு லீப் நொடி சேர்க்கப்பட்டது. நமக்கு அது ஜூலை 1 காலை 5.30 மணி. லினக்ஸ் கெர்னலின் டைமரில் இருந்த பிழையால் ஜாவா, மைஎஸ்க்யூஎல் ஓடிய பல சர்வர்களில் சிபியு திடீரென்று உச்சத்துக்குப் போனது. தேதியை மறுபடி செட் செய்ததும் அடங்கியது. பல சர்வர்கள், ஒரே நிமிடம், ஒரே தாவல். காப்பகத்தில் இதைப் பார்க்கும் எவருக்கும் ரீடிங் எடுத்த கருவியின் கோளாறு என்றுதான் தோன்றும். வரம்பு மீறியதையெல்லாம் கழித்துக்கட்டும் ஸ்கிரிப்ட் இருந்தால், நடந்த சம்பவமே பதிவிலிருந்து போய்விடும்.

எனவே சோதிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். மூல ஃபைலைத் திருத்தாதீர்கள். சந்தேகத்துக்குரிய எண்ணுக்குப் பக்கத்தில் காரணத்தோடு குறி போடுங்கள். ரீடிங் இல்லாத இடத்தில் பூஜ்யம் போடாதீர்கள், காலியாக விடுங்கள். சர்வர் சும்மா இருந்ததும் அதை யாரும் பார்க்காமல் விட்டதும் வேறு வேறு. நகல் எடுக்கும்போதே சர்வர் பெயர், ஆண்டு, மாதம், நேர மண்டலம் நான்கையும் ஃபைல் பெயரில் சேர்த்துவிடுங்கள்.