குறித்த நேரத்து எதிராளி

பம்பாயின் விளையாட்டுச் சரித்திரத்தை எழுதப் புகுகிறவர்கள் ஆசாத் மைதானத்திலோ, சிவாஜி பார்க்கிலோ, மாதுங்காவில் தாதர் யூனியன் கிளப் ஆடிய திடலிலோ ஆரம்பிப்பதுதான் சம்பிரதாயம். அந்தச் சரித்திரத்தின் ஒரு சிறு கிளை, தாணே கடற்கழியின் கிழக்குக் கரையில் சிட்கோ என்னும் நகரமைப்பு ஸ்தாபனம் செக்டர் செக்டராக வகுத்த ஐரோலியிலும், அதைப் போன்ற வாஷி, நெருல், செம்பூர், முலுண்ட் கடைவரிசைகளிலும், பத்துப் பதினைந்து கம்ப்யூட்டர்களை ஒரு சிறு அறையில் நெருக்கி வைத்து மணிக்கு இருபது, முப்பது ரூபாய் வாங்கிக்கொண்டு நடந்த சைபர் கஃபேக்களிலே தழைத்து, ஏறத்தாழப் பத்து வருஷ காலம் வாலிபர் பலரை ஆட்கொண்டிருந்து, பிறகு எவரும் இரங்கி ஒரு வரி எழுதாமலே மறைந்துபோயிற்று. கவுன்டர்-ஸ்ட்ரைக் என்னும் துப்பாக்கி ஆட்டத்தில் ஐவர் ஐவராக அணி சேர்ந்து பொருதிய அந்த அமெச்சூர் பந்தயத்தைப் பற்றியே இங்கே எழுதுகிறேன்.

ஆட்டத்தின் பிறப்பே அமெச்சூர் பிறப்பு. வால்வ் என்ற அமெரிக்க நிறுவனம் உருவாக்கி 1998ல் வெளிவந்த ஹாஃப்-லைஃப் என்னும் ஆட்டத்தின் உறுப்புகளை எடுத்து, கானடாவில் கல்லூரி மாணவராக இருந்த மின் லீ என்பவரும் ஜெஸ் கிளிஃப் என்பவரும், எவருடைய கூலிக்காகவும் அல்லாமல், தங்கள் உற்சாகம் ஒன்றையே மூலதனமாகக் கொண்டு செய்து, 1999 ஜூனில் இலவசமாக உலவவிட்டது அது. 2000 நவம்பரில் வால்வ் நிறுவனமே அதைத் தன் சரக்காக ஏற்று விற்கத் தொடங்கியது. 2003ல் வந்த 1.6 என்னும் பதிப்புதான் பம்பாய்ப் பையன்களின் வாயில் ‘ஒன் பாயின்ட் சிக்ஸ்’ என்றே வழங்கி, ஆட்டத்துக்குப் பெயராகவே நின்றுவிட்டது. ஒரு கட்சி குண்டு வைக்க வேண்டும், மறு கட்சி தடுக்க வேண்டும். செத்தவன் அந்தச் சுற்று முடியும்வரை பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். பாதி ஆட்டத்துக்குப் பதினைந்து சுற்று, பிறகு கட்சி மாற்றம், முதலில் பதினாறு சுற்று ஜயித்தவர்க்கு வெற்றி என்பது பின்னாளில் நிலைத்த விதி. ஒவ்வொரு சுற்றிலும் கிடைக்கும் ஆட்டப் பணத்தைச் சேமித்தும் செலவிட்டும் ஆயுதம் வாங்க வேண்டியிருந்தபடியால், குறி தவறாத கை மட்டும் போதாது, ஐந்து பேரின் கணக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்கிற நிர்ப்பந்தம் ஆட்டத்துக்குள்ளேயே அமைந்திருந்தது. இருபது வருஷத்துக்கு மேல் அது உயிரோடிருப்பதற்கு அந்த நிர்ப்பந்தமே காரணம் என்பது என் அபிப்பிராயம்.

ஆட்டம் இருந்தால் மட்டும் பந்தயம் உண்டாகிவிடாது. அதற்கு அட்டவணை வேண்டும், அட்டவணையைப் பரிபாலிக்க ஆள் வேண்டும். அமெரிக்காவில் 1997 முதல் பெரும் பரிசுப் போட்டிகளை நடத்தி வந்த சி.பி.எல். என்ற அமைப்பைச் சார்ந்து, 2001ல் சைபர்அத்லீட் அமெச்சூர் லீக், சுருக்கமாகக் கால் என்பது, ஏற்பட்டது. அதில் நுழையப் பணம் வேண்டியதில்லை. ஓப்பன் என்ற அடித்தட்டில் எந்தக் கற்றுக்குட்டி அணியும் பெயர் கொடுக்கலாம்; ஜயித்தால் இன்டர்மீடியட், மெயின், பிரீமியர் என்று படியேறி, கடைசியில் இன்வைட் என்ற உச்சியை அடையலாம். வாரத்துக்கு ஒரு மேப், அதாவது ஆடுகளம், முன்கூட்டியே நிர்ணயமாகும். எதிரணியின் பெயரும், ஆட வேண்டிய இரவும் நிர்ணயமாகும். அந்த இரவில் ஐவரும் வராவிட்டால் தோல்வி என்று பதிவாகும். இவ்வளவையும் நடத்தியவர்கள் பெரும்பாலும் சம்பளம் பெறாத நிர்வாகிகள். ஒருவன் ஏமாற்று மென்பொருள் வைத்து ஆடினானா என்று இரவெல்லாம் ஆட்டப் பதிவுகளை ஓட்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னவர்கள்.

பம்பாய்வாசிகளுக்கு இந்த ஏற்பாடு புதிதன்று. டாக்டர் ஹெச். டி. காங்காவின் பெயரால் 1948ல் தொடங்கிய காங்கா லீக் இதே அமைப்புதான்: மழைக்காலத்துச் சேற்றில், டிவிஷன் டிவிஷனாக, மேலேறியும் கீழிறங்கியும், ஆபீசுக்குப் போகிற குமாஸ்தாவும் நாளைக்கு இந்தியாவுக்காக ஆடப் போகிறவனும் ஒரே அட்டவணையில் இடம்பெறுகிற ஏற்பாடு. தாதர் யூனியனிலிருந்து காவஸ்கரும் வெங்சர்க்காரும் எழும்பினார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. ஆனால் அவர்களுக்கு எதிராக ஆடித் தோற்ற பெயர் தெரியாத நூறு பேர் குறித்த நாளில் தவறாமல் வந்து நின்றதனால்தான் அவர்கள் எழும்ப முடிந்தது என்பதைக் கிரிக்கெட் அபிமானிகள் அதிகம் நினைப்பதில்லை. லீக் என்பதன் ஜீவன் அந்த எதிராளியிடத்தில் இருக்கிறது. பரிசுப் பணத்தை யாராவது ஒரு வியாபாரி எந்த வருஷமும் கொடுத்துவிடலாம். செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்கு வந்து நிற்கிற எதிராளியை எந்த வியாபாரியும் வாங்கித் தர முடியாது.

நம் பக்கத்துக்கு இந்த ஆட்டம் வந்த விதம் அமெரிக்காவைப் போன்றதல்ல. அங்கே வீட்டிலிருந்தபடி ஆடினார்கள். இங்கே 1995 ஆகஸ்டில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட இன்டர்நெட், தொலைபேசிக் கம்பி வழியே முனகிக்கொண்டு வந்துகொண்டிருந்தது. 2004ல் சர்க்கார் வகுத்த கொள்கையிலேகூட விநாடிக்கு 256 கிலோபிட் என்பதே பிராட்பேண்டுக்கு இலக்கணமாக இருந்தது. சிங்கப்பூர் சர்வரில் ஆடப் போனால், நாம் விசையை அழுத்திய செய்தி அங்கே போய்ச் சேருவதற்குள் எதிரி நம்மைச் சுட்டுவிட்டு அடுத்த தெருவுக்குப் போயிருப்பான். அந்தத் தாமதத்துக்குத்தான் பிங் என்று பெயர். ஆகவே ஒரே அறைக்குள் கம்பியால் இணைத்த கம்ப்யூட்டர்களில், லேன் என்று சொல்லப்படும் முறையில், பக்கத்து நாற்காலிக்காரனோடு ஆடுவதே சாத்தியமாயிற்று. சிஃபி ஐவே கடைகளும், ஐரோலியிலிருந்து ரயிலில் மூன்றாவது நிலையமான கோபர்கைர்ணேயில் தலைமையகம் கொண்டிருந்த ரிலையன்ஸ் கம்பெனியின் வெப்வேர்ல்டு கடைகளும், அப்புறம் ஜபாக் கேம்பிளெக்ஸ்களும் இந்தத் தேவையைக் கண்டு இடம் போட்டன என்றாலும், லீக்கின் வேர் பெயர்ப்பலகைகூடச் சரியாக இல்லாத சில்லறைக் கஃபேக்களிலேதான் இருந்தது.

ஐரோலியைப் போன்ற ஊர்களுக்கு இதில் ஒரு விசேஷமான பங்குண்டு. மாதுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் இடநெருக்கடியில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல, சிட்கோ வீடுகளை நாடிக் கழியைத் தாண்டி வந்தபோது, பெரியவர்கள் கோயிலையும் சங்கத்தையும் காபிப்பொடிக் கடையையும் தேடி மாதுங்காவுக்கே திரும்பத் திரும்பப் போனார்கள். 1999ல் முலுண்ட் பாலமும், 2004ல் தாணே–வாஷி ரயிலும் அந்தப் பிரயாணத்தைச் சுலபமாக்கின. பையன்களுக்கோ புதிய ஊரில் பழைய தெரு இல்லை. மராத்திப் பையனும் தமிழ்ப் பையனும் உள்ளூர் ஆக்ரிக் குடும்பத்துப் பையனும் ஒரே வரிசை நாற்காலியில் அமர்ந்து, இந்தியும் ஆங்கிலமும் கலந்த ஒரு பாஷையில், எந்த வாசல் வழியே எத்தனை பேர் வருகிறார்கள் என்று கூவிக்கொண்டு, கிளான் என்ற பெயரில் ஓர் உறவைக் கட்டிக்கொண்டார்கள். ஐரோலி கிளான் வாஷிக்குப் போகும், வாஷிக்காரர்கள் தாணேக்குப் போவார்கள். கஃபே முதலாளி சனிக்கிழமை இரவு கதவை இறக்கிவிட்டு விடியும்வரை ஆட்டத்தை நடத்துவார். பதினாறு அணிகளை ஒரு பழைய நோட்டுப்புத்தகத்தில் ஜோடி சேர்த்துக் கோடு போடுவதும், சண்டை வந்தால் தீர்ப்பதும் அவரே. நுழைவுக் கட்டணமே பரிசாகத் திரும்பும். கல்லூரி விழாக்களில் அரங்கு கிடைத்தது. கொரியாவில் தோன்றிய வேர்ல்டு சைபர் கேம்ஸ் போட்டியின் இந்தியத் தகுதிச்சுற்று, சியோலுக்கோ சிங்கப்பூருக்கோ போகலாம் என்ற கனவைக் காட்டியது. மும்பையின் ப்ரூட்டாலிட்டி அணி தேசமெங்கும் பெயர் பெற்றது இந்தப் பரம்பரையிலிருந்துதான்.

இதில் ஒரு குறையும் ஆரம்பத்திலிருந்தே இருந்தது. டாலர் கொடுத்து வாங்க முடியாத காரணத்தால் பெரும்பாலான கஃபேக்களில் ஓடியது வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் என்னும் இணையக் கடையில் வாங்காத, ‘நான்-ஸ்டீம்’ என்று சொல்லப்பட்ட திருட்டுப் பிரதி. அறைக்குள் அது ஒரு வித்தியாசமும் செய்யவில்லை. ஆனால் உலகத்து லீக்குகள் ஸ்டீம் கணக்கைக் கேட்டதனால், நம் பையன்கள் தங்கள் அறையில் ராஜாக்களாகவும் வெளியே முகவரி இல்லாதவர்களாகவும் இருந்தார்கள். ஸ்டீமில் ரூபாய் விலை வந்தது 2015ல்தான். அதற்குள் காரியம் கைமீறிவிட்டது.

க்ஷீண தசை எங்கே தொடங்கிற்று என்று கேட்டால், ஆட்டம் கிழடாகிவிட்டது என்பதே பலரும் சொல்லும் பதில். அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சதுரங்கம் கிழடில்லையா? சி.பி.எல். 2008ல் படுத்தபோதும், 2009ல் கால் லீக் மூடியபோதும், 1.6ஐ ஆடுகிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை. 2011ல் பூசானில் நடந்ததே வேர்ல்டு சைபர் கேம்ஸில் 1.6க்குக் கடைசி அரங்கேற்றம். 2012 ஆகஸ்டில் குளோபல் அஃபென்சிவ் என்ற புதுப் பதிப்பு வந்தது. பழையதை ஓட்டிய கஃபே யந்திரங்கள் புதியதை ஓட்டத் திணறின. புதியதற்குக் காசும் கணக்கும் வேண்டியிருந்தன. ஆனாலும் உண்மையான மாறுதல் படத்தின் அழகில் இல்லை. புதிய ஆட்டத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால், யந்திரமே ஒன்பது அந்நியர்களைத் தேடிச் சேர்த்து, தராதரம் பார்த்து, இரண்டு கட்சியாகப் பிரித்துக் கொடுத்துவிடுகிறது. எதிரணித் தலைவனைக் கெஞ்சி நேரம் கேட்க வேண்டாம், ஐந்தாவது ஆளின் வீட்டுக்குப் போய் அவன் அம்மாவிடம் அனுமதி வாங்க வேண்டாம், நிர்வாகி வேண்டாம். சௌகரியம் என்றால் மகத்தான சௌகரியம். அந்தச் சௌகரியத்தில் ஓப்பன் என்கிற அடித்தட்டு கரைந்துபோயிற்று. மேல்தட்டுக்குப் பணமும் காமிராவும் வந்தன. அடித்தட்டில் தோற்றுத் தோற்றுக் கற்றவர்களுக்கு வருகைப் பதிவேடே இல்லாமல் போயிற்று.

இது கவுன்டர்-ஸ்ட்ரைக்கின் தலைவிதி மட்டுமல்ல. வால்வ் நிறுவனமே 2007ல் வெளியிட்ட டீம் ஃபோர்ட்ரஸ் 2 என்ற கூட்டு ஆட்டத்தை எடுத்துக்கொண்டால், அதன் லீக்குகளை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆரம்பமுதல் தூக்கி நிறுத்தியவர்கள் தொண்டர்களே. 2016 ஜூலையில் நிறுவனம் தானியங்கிப் போட்டி முறையைப் புகுத்தியது. அது ஆட்டக்காரர்களைத் திருப்தி செய்யவுமில்லை, லீக்குகளுக்குப் புது ரத்தம் கொண்டுவரவுமில்லை. பிறகு பொது சர்வர்களில் தானியங்கிப் போலி ஆட்டக்காரர்கள் படையெடுத்து, புதிதாக வருகிறவன் ஆட்டத்தைக் கற்கிற இடத்தையே பாழாக்கினார்கள். 2022 மேயிலும் 2024 ஜூனிலும் ஆட்டக்காரர்கள் உலகளாவிய முறையீடு செய்ய வேண்டியிருந்தது. முதுமை எய்திய ஆட்டத்தின் லீக் மெலிவது பழையவர்கள் ஓய்வதனால் அல்ல. பழையவர்கள் எல்லா ஆட்டத்திலும் ஓய்கிறார்கள். முதல் படியில் கால் வைக்கப் புதியவனுக்கு இடமில்லாதபோதுதான் அது மெலிகிறது.

நம் ஊரில் இன்னும் சில காரணங்கள் கூடிக்கொண்டன. 2011ல் வந்த சைபர் கஃபே விதிகளின்படி, வருகிறவனின் அடையாளச் சீட்டைப் பார்த்து, பெயரைப் பதிந்து, பதிவேட்டை ஒரு வருஷம் பாதுகாக்க வேண்டும். அடையாளச் சீட்டு இல்லாத சிறுவன் பெரியவர் துணையின்றி வரக் கூடாது. தடுப்புகள் நாலரை அடிக்கு மேற்படலாகாது. விதிகளின் நோக்கத்தைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் இருபது ரூபாய் வியாபாரத்தில் அந்தப் பாரத்தைச் சுமக்க எத்தனை பேரால் முடியும்? வீட்டுக்கு வீடு பிராட்பேண்டு வந்தது. 2016 செப்டம்பரில் ஜியோவின் கைப்பேசி இன்டர்நெட் வந்தது. 2018ல் கைப்பேசியிலேயே பப்ஜி என்னும் துப்பாக்கி ஆட்டம் வந்தது. கஃபேயின் நாற்காலி காலியாயிற்று. அதே 2018 அக்டோபரில், ஷாங்காய் நகரத்துப் போட்டியில், ஆப்டிக் இந்தியா அணியைச் சேர்ந்த ஒருவர் ஏமாற்று மென்பொருளோடு பிடிபட்டு, அணியே கலைக்கப்பட்டது. வெளிநாட்டு ஸ்தாபனம் ஒன்று நம் ஆட்டக்காரர்களை நம்பிப் பணம் போட்டிருந்த சந்தர்ப்பம் அது. அந்த அவமானத்தின் பலனை ஒரு குற்றமும் செய்யாத எத்தனையோ அணிகள் அனுபவித்தன.

ஐரோலியில் நான் கண்ட காரணம் ஒன்றுண்டு. அதை வேறு எவரும் சொல்லக் கேட்டதில்லை. கஃபே நாற்காலியில் வளர்ந்த தலைமுறைக்கு உத்தியோக வயது வந்தபோது, அவர்களில் பலருக்கு வேலை கொடுத்தது ஊரை ஒட்டிய தாணே–பேலாப்பூர் ரோட்டோரத்தில் எழும்பிய மைண்ட்ஸ்பேஸ் முதலிய காரியாலயங்கள். அமெரிக்கப் பகலுக்கு ஒருவன், லண்டன் பகலுக்கு ஒருவன், இந்தியப் பகலுக்கு ஒருவன் என்று ஐவரும் ஐந்து ஷிப்டில் சிதறிய பிறகு, ஒரு பொது இரவு என்பதே அவர்களுக்கு இல்லாமற் போயிற்று. தனியாகப் பொத்தானை அழுத்தி அரை மணி ஆட அவர்களுக்கு நேரம் இருந்தது. எதிராளியோடு ஓர் இரவை நிர்ணயிக்க இல்லை.

2022 டிசம்பரில் மத்திய சர்க்கார் ஈ-ஸ்போர்ட்ஸ் என்னும் கம்ப்யூட்டர் ஆட்டப் பந்தயத்தை விளையாட்டு அமைச்சகத்தின் பொறுப்பில் சேர்த்து அங்கீகரித்தது. ஐரோலி, ரபாலே, மஹாபே எங்கும் டேட்டா சென்டர்கள் எழும்பி நிற்கின்றன. இங்கிருந்து சிங்கப்பூர் சர்வரைப் பார்த்து ஏங்கிய காலம் போய், மும்பையிலேயே சர்வர்கள் ஓடுகின்றன. பையன்கள் அன்று கேட்ட வேகம் முழுவதும் வந்துவிட்டது. ஆனால் கோடு போட்ட நோட்டுப்புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பதினாறு அணிகளுக்குச் சொல்லியனுப்புகிறவர் இல்லை.

காங்கா லீக்கின் ஸ்கோர்கள் பத்திரிகைகளில் அச்சேறியிருக்கின்றன; தேடினால் கிடைக்கும். கஃபே லீக்குகளின் நோட்டுப்புத்தகங்கள் பழைய பேப்பர்க்காரனிடம் போய்விட்டன. மிச்சமிருப்பது, ஆட்டக்காரர்கள் பதிந்து வைத்த டெமோ கோப்புகள் மட்டுமே. முப்பதைத் தாண்டியவர்களின் வீட்டுப் பரண்களில், இணைப்பு அறுந்த ஹார்டு டிஸ்க்குகளில் அவை கிடக்கலாம். டெமோ என்பது சினிமாப் படம் அல்ல. யார் எப்போது எங்கே நகர்ந்தான், எங்கே சுட்டான் என்ற குறிப்பு மாத்திரம். அதைத் திரும்ப ஓட்ட அந்தக் காலத்துப் பதிப்பும் அதே மேப்பும் வேண்டும். எனவே அவற்றை வைத்திருப்பவர்கள் டெமோவைத் தனியே எடுத்துவிட்டு மற்றதை அழித்துவிடாமல், அந்தத் திருட்டுப் பிரதியையும் சேர்த்தே, முழு ஃபோல்டராகப் பிரதி எடுத்து வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.