கற்காரை அளவு மதிப்பீட்டின் வரலாறு

வீட்டுத் தளத்துக்கு வேண்டிய கற்காரையின் (காங்கிரீட்) கன அளவைக் காண்பது எளிது. 1,000 சதுர அடித் தளத்தை 5 அங்குலத் தடிப்பில் வார்க்க ஏறத்தாழ 417 கன அடி, அதாவது 11.8 கன மீட்டர் வேண்டும். இதற்கு எத்தனை மூட்டை சிமெண்ட் என்பதே நெடுங்காலச் சிக்கலாக இருந்தது.

ஜல்லியின் இடைவெளியை மணலும், மணலின் இடைவெளியைச் சிமெண்டும் நிரப்பும் என்னும் கருத்தில் 1:2:4 விகிதம் பரவியது. ஒன்றினுள் ஒன்று அடங்குவதால் ஏழு பங்கு உலர்பொருளில் சுமார் நாலரைப் பங்கு கற்காரையே கிடைக்கும். ஆகவே கன அளவை 1.54 ஆல் பெருக்குவது வழக்கமாயிற்று. தண்ணீர் இக்கணக்கில் இடம்பெறவில்லை. அது கொத்தனாரின் கைப்பதம். 1918இல் சிகாகோவின் லூயிஸ் கல்விக்கழகத்தில் டஃப் ஏப்ராம்ஸ், வலிமையைப் பெரிதும் தீர்மானிப்பது நீருக்கும் சிமெண்டுக்கும் உள்ள விகிதமே எனக் காட்டினார்.

இந்திய வீடுகளில் 1:2:4 நெடுநாள் நிலைத்தது. ஐ.எஸ். 456 நெறிமுறையின் 2000ஆம் ஆண்டுத் திருத்தம் கம்பி கட்டிய கற்காரைக்கு எம்20 தரத்தைக் குறைந்தபட்சமாக்கியது. வழக்கில் இது 1:1½:3 ஆகும். முன்சொன்ன தளத்துக்குப் பழைய விகிதப்படி 50 கிலோ மூட்டை 75 போதும்; புதியதற்கு 95 வேண்டும். தளம் இறுகியபின் இந்த 20 மூட்டை வேறுபாட்டைக் கண்ணால் கண்டறிய முடியாது.