சுதந்திரதேவியின் முகத்துக்கு உரியவர் யார்?

நியூயார்க் துறைமுகத்தில் பீடத்துக்கு மேல் 46 மீட்டர் உயரத்தில் நிற்கும் சுதந்திரதேவி சிலையை வடித்த பிரெஞ்சுச் சிற்பி பிரெடெரிக் ஒகுஸ்ட் பார்த்தோல்டி, அதன் முகத்துக்கு எந்தப் பெண்ணை மாதிரியாகக் கொண்டார் என்பதைத் தெளிவாக விளக்காமலே சென்றுவிட்டதால், அந்த இடத்துக்கு ஒன்றுக்கும் மேற்பட்ட பெண்களின் பெயர்கள் இன்றுவரை முன்வைக்கப்படுகின்றன.

அவற்றுள் கவர்ச்சி மிகுந்தது இசபெல்லா யூஜினி போயரின் பெயர். தமிழ்நாட்டு வீடுகளிலும் தையற்கடைகளிலும் நன்கு அறிமுகமான சிங்கர் தையல் இயந்திரத்தின் நிறுவனர் ஐசக் சிங்கரின் மனைவி இவர். 1875-இல் கணவர் இறந்தபின் பாரிஸின் செல்வர் வட்டாரத்தில் அழகுக்காகப் பெயர் பெற்றிருந்தார். ஆனால் இந்தக் கதைக்குக் காலக்கணக்கு இடம் கொடுப்பதில்லை. பார்த்தோல்டி தம் சிலையின் முதல் மாதிரிகளை 1870-இலேயே செய்யத் தொடங்கிவிட்டார். அழகியான இளம் விதவை, பெரும் சொத்து, புகழ்பெற்ற சிற்பி என்ற சேர்க்கை கதையாகச் சொல்லச் சுவையானது என்பதைத் தவிர, இசபெல்லாவுக்குச் சார்பான வலுவான சான்று ஏதும் இல்லை.

முகம் முடிவாகும் முன்பே உருவத்துக்கு ஒரு முன்வரலாறு இருந்தது. சூயஸ் கால்வாயின் வாயிலில் கலங்கரை விளக்கமாக நிறுத்துவதற்கென, கையில் விளக்கேந்திய எகிப்திய உழவர்குடிப் பெண் ஒருத்தியின் பேருருவைப் பார்த்தோல்டி வரைந்து, 1869-இல் கெடீவ் இஸ்மாயிலிடம், அதாவது உஸ்மானியப் பேரரசின் பெயரால் எகிப்தை ஆண்டவரிடம், காட்டினார்; ஆனால் அத்திட்டம் ஏற்கப்படவில்லை. நியூயார்க் சிலைக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று அவர் பின்னாளில் மறுத்தாலும், ஒளியை உயர்த்திப் பிடித்து நீர்வழியின் முகப்பில் நிற்கும் அங்கி அணிந்த பெண் என்ற கற்பனை இரண்டிலும் ஒன்றாகவே இருப்பதால், அந்த மறுப்பை அப்படியே ஏற்பது கடினம்.

முகத்தைப் பொறுத்தவரை, எடுத்துக்கொள்ளத் தக்க சாட்சியம் சிற்பியின் தாய் சார்லோட்டையே சுட்டுகிறது. பிரெஞ்சு செனட்டரான ஜூல்ஸ் போசெரியான், நாடக அரங்கில் பார்த்தோல்டியின் தனி இருக்கையறைக்குச் சென்றபோது அங்கே அமர்ந்திருந்த முதிய பெண்ணின் முகத்தில் சுதந்திரதேவியைக் கண்டதாகவும், அவர் தம் தாய் என்று சிற்பி ஒப்புக்கொண்டதாகவும் கூறியிருக்கிறார். ஒருவர் வாய்மொழியே இது என்பதால் முடிந்த முடிவாகாது. சுதந்திரத்தைப் பெண் தெய்வமாக உருவகித்து லிபர்டாஸ் என வழிபட்ட ரோமானியரின் சிற்ப மரபும் அந்த முகத்தில் கலந்திருக்கிறது. ஆயினும் சார்லோட்டின் வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு, அம்முகத்தின் இறுக்கமும் சிரிப்பற்ற உறுதியும் அயலாகத் தோன்றா.

அல்சாஸ் பகுதியின் கோல்மார் நகரில் 1834-இல் பிறந்த பார்த்தோல்டிக்கு இரண்டு வயதானபோதே தந்தை இறந்தார். பிள்ளைகளைப் பாரிஸுக்கு அழைத்துச்சென்று கல்வியும் கலைப்பயிற்சியும் பெறச் செய்தவர் சார்லோட்டே. 1870-இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டபோது மகன் தேசியக் காவற்படையில் சேர்ந்து கோல்மாரைக் காக்க முயன்றார். தோல்விக்குப்பின் 1871-இல் அல்சாஸ் ஜெர்மன் பேரரசோடு இணைக்கப்பட, தாயின் ஊரும் வீடும் அந்நிய ஆட்சிக்குள் சென்றன. அதே ஆண்டில்தான் சிலைக்கு இடமும் ஆதரவும் தேடிப் பார்த்தோல்டி அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். துறைமுகத்தில் தாம் தேர்ந்த தீவைப் பற்றியும் சந்தித்த மனிதர்களைப் பற்றியும் அவர் தாய்க்கு எழுதிய கடிதங்கள், அப்பயணத்தை அறிய இன்று உதவும் முதன்மைச் சான்றுகளாக உள்ளன. சொந்த ஊரிலேயே சுதந்திரம் பறிபோன ஒரு பெண்ணுக்கு எழுதிக்கொண்டே ஒருவர் சுதந்திரத்துக்கு முகம் தேடினார் என்பது, போசெரியானின் கூற்றைவிடவும் சார்லோட்டின் பக்கம் கனமாக நிற்கிறது.

1886 அக்டோபர் 28 அன்று சிலை திறக்கப்பட்டது. சார்லோட் 1891-இல் இறந்தபோது கோல்மார் ஜெர்மானியர் வசமே இருந்தது. அது பிரான்சுக்குத் திரும்ப மேலும் 27 ஆண்டுகள் ஆயின.