கிட்டப்பா எத்தனை கட்டை?

செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா ஐந்து கட்டையில் பாடினார் என்பது நம் நாடக வரலாற்றுப் பேச்சில் நிலைபெற்றுவிட்ட வாசகம். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைத் தரை டிக்கெட்காரருக்கும் எட்டிய குரல் என்று சொல்லி நாமும் வகுப்பறையில் மாணவர்களை வியக்க வைத்திருக்கிறோம். அந்த ஐந்து கட்டை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் சிக்கலாகிவிடுகிறது. கிட்டப்பா 1906-ல் பிறந்து 1933 டிசம்பர் 2-ஆம் நாள், 27 வயதில் மறைந்தவர். 1931-ல் 'காளிதாஸ்' தமிழ் பேசிவிட்ட போதிலும், அவர் திரையில் தோன்றாமலே போய்விட்டார். எஞ்சியிருப்பவை இசைத்தட்டுகள். அவற்றையும் இன்று நேரடியாகக் கேட்பவர் அரிது. தட்டிலிருந்து எல்.பி.க்கும், அதிலிருந்து ஒலிநாடாவுக்கும், பிறகு 'ரீமாஸ்டர்' முத்திரையோடு குறுந்தகட்டுக்கும் கோப்புக்கும் பெயர்க்கப்பட்ட தொகுப்புகளையே கேட்கிறோம். ஆக, நாம் கிட்டப்பா என்று நம்புகிற குரலில் ஒரு பங்கு ஒலிப்பொறியாளருடையது. எவ்வளவு பங்கு என்பதுதான் வினா.

இதைச் சோதிக்க வாய்த்த இடம் சற்று விசித்திரமானது. ராஜபாளையத்திலிருந்து மேற்கே, மலையடிவாரத்து ஓடைக்கரையில் நீர்காத்த அய்யனார் கோவில் இருக்கிறது. ஊருக்குக் குடிநீர் தரும் மலை அது. 1988-ல் சாம்பல் நிற அணில் சரணாலயமாகவும், 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியாகவும் ஆன காடு. அந்தச் சாலையில் மைக்செட் நடத்திவந்த நண்பர் ஒருவரிடம் பழைய தட்டுகளும் அவற்றைச் சுழற்றும் பெட்டியும் அகுஜா ஆம்ப்ளிஃபயரும் குழாய் ஒலிபெருக்கிகளும் இருந்தன. தென்மாவட்டங்களில் கொடைவிழாக்களையும் கல்யாண வீடுகளையும் நம்பி வாழ்ந்த மைக்செட்காரர்களே பழைய தட்டுகள் பலவற்றைக் காப்பாற்றியவர்கள் என்பதை இசை வரலாறு எழுதுவோர் இன்னும் சரியாகப் பதிவு செய்யவில்லை.

தியாகராஜரின் 'எவரனி' கீர்த்தனையை மூன்று வடிவங்களில் அடுத்தடுத்துக் கேட்டோம். எல்.பி. வழிவந்த ஒலிநாடா ஒன்று. ஒலி துப்புரவு செய்யப்பட்ட குறுந்தகடு ஒன்று. சேகரிப்பாளர் ஒருவர் தட்டிலிருந்து நேரே எடுத்து, கீறல் சத்தத்தைக்கூடத் துடைக்காமல் கொடுத்த கோப்பு ஒன்று. சுருதிப் பெட்டியை வைத்துப் பார்த்தபோது ஒலிநாடாவுக்கும் கோப்புக்கும் ஏறக்குறைய அரைக் கட்டை வேறுபாடு. குறுந்தகடு இரண்டுக்கும் நடுவில் நின்றது. ஒரே பாட்டு, ஒரே பாடகர், மூன்று சுருதி!

காரணம் மாயமன்று. '78 சுற்று' என்பது பெயரளவுக்கானது. பழைய நாட்களில் பதிவுக்கருவியின் வேகம் 70-களின் தொடக்கத்திலிருந்து 80-க்கு மேல்வரை நிறுவனத்துக்கு நிறுவனம், சில வேளை நாளுக்கு நாள் மாறியது. நிமிடத்துக்கு 74 சுற்றில் பதிந்த தட்டை 78-ல் ஓட்டினால் குரல் ஐந்து சதவீதத்துக்கு மேல் உயரும். அரைக் கட்டை என்பது ஏறத்தாழ ஆறு சதவீதம். நான்கரைக் கட்டைக் குரலை ஐந்து கட்டை ஆக்குவதற்கு அந்தச் சிறு வேக மாற்றமே போதும். பிருகாக்களும் கூடவே விரைவுபெறும். இந்த வேகம் மனிதத் தொண்டைக்குச் சாத்தியமா என்று நாம் மலைத்து நிற்போம். மேதைமையிலிருந்து மோட்டாரின் பங்கைக் கழித்தாலும் கிட்டப்பா மேதையே. ஆனால் கழித்துப் பார்த்த பிறகல்லவா அதைச் சொல்ல வேண்டும்?

பக்கவாத்தியமாக ஹார்மோனியம் இருப்பதால், அதன் கட்டைக்கு ஒத்துவரும்படி வேகத்தைத் திருத்திக்கொள்ளலாமே என்று நண்பர் கேட்டார். நல்ல யோசனைதான். ஆனால் பிழை ஏறக்குறைய முழு அரைக் கட்டையாக இருக்கும்போது ஹார்மோனியம் அடுத்த கட்டையில் போய் உட்கார்ந்துகொண்டு அங்கும் சரியாகவே ஒலிக்கும். அந்தக்கால ஹார்மோனியங்களும் ஒரே அளவுக்குச் சுருதி கூட்டப்பட்டவை அல்ல. எனவே வேறு தடயங்களையும் சேர்க்க வேண்டும். உயிரெழுத்துகளின் நிறம் இயல்பாக இருக்கிறதா, மூச்சு வாங்கும் இடைவெளி மனிதருடையதா என்றெல்லாம் கேட்டுத்தான் முடிவெடுக்க முடியும். கருவி ஓரளவுக்குத்தான் உதவும். மிச்சம் காதின் வேலை.

இனி ஒலியின் தன்மை. எல்.பி. தட்டை வாசிக்கும் ஊசிமுனையின் ஆரம் ஏறத்தாழ 18 முதல் 25 மைக்ரான். அரக்குத் தட்டின் பள்ளத்துக்கு அதைப்போல் மூன்று மடங்கு அகலம் வேண்டும். மெல்லிய ஊசி பள்ளத்தின் அடியில் கிடக்கும் தூசியையும் தேய்மானத்தையும் வாசிக்கும். பாட்டு இருப்பதோ பக்கச் சுவரில். பிறகு, 1954-ல் பொதுவாக ஏற்கப்பட்ட ஒலிச்சமன் அளவுகோல் எல்.பி.களுக்கானது. அதன் வழியே பழைய தட்டுகளைச் செலுத்தினால் மேல்ஸ்தாயி மங்கிப்போகும். அந்த ஒலிநாடாவில் குரல் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டதற்கு இது காரணமாகலாம். குறுந்தகட்டின் குறை வேறு வகை. இரைச்சலை அழித்தவர் சகாரத்தின் சீறலையும் ஹார்மோனியத் துருத்தியின் மூச்சையும் சேர்த்து அழித்துவிட்டார். வெறுமை தெரியாதிருக்கச் செயற்கை எதிரொலியை ஊற்றியிருக்கிறார். நாடகக் கொட்டகையின் குரல் கல்யாண மண்டபத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டது. வள்ளலாரின் அருட்பா விருத்தத்தைக் கேட்கும்போது இந்தச் சேதம் மிகுதி. தாளம் இல்லாத விருத்தத்தில் சொல்லின் விளிம்புதானே உயிர்!

வியப்பான செய்தி ஒன்று. மூன்றையும் குழாயில் போட்டபோது துடைக்காத கோப்புதான் வென்றது. குழாய் ஒலிபெருக்கி அடித்தாயியையும் மிக உயர்ந்த ஒலிகளையும் தள்ளிவிட்டு நடுப்பகுதியை மட்டும் உரக்கச் சொல்லும். பழைய தட்டுகளில் பாட்டு இருப்பதும் அந்த நடுப்பகுதியில்தான். எனவே இரைச்சலில் பெரும்பங்கைக் குழாயே வடிகட்டிவிட்டது. மலைச்சரிவில் மோதித் திரும்பிய அந்தக் குரலுக்குச் செயற்கை எதிரொலி தேவைப்படவில்லை.

மேற்கிலும் இந்த வழக்கு உண்டு. பீட்டில்ஸ் குழுவின் தொகுப்புகள் 1987-ல் குறுந்தகடானபோதும், 2009-ல் ரீமாஸ்டர் ஆனபோதும் ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதிட்டனர். 2009-ல் ஸ்டீரியோப் பெட்டியோடு மோனோப் பெட்டியும் தனியே வந்தது. எந்தப் பாடத்தைக் கேட்கிறோம் என்று அறிந்து வாங்கும் உரிமை கேட்பவருக்குக் கிடைத்தது. அங்கே மூல நாடாக்கள் பத்திரமாக இருந்தன. கிட்டப்பா விஷயத்தில் நமக்கு வாய்த்தவை பெரும்பாலும் தேய்ந்த பிரதிகள்.

இந்த நிலைமை தமிழ் படித்தவர்களுக்குப் பழகியதே. 1887-ல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ.வே.சாமிநாதையர் முன் இருந்தவையும் செல்லரித்த ஏடுகள்தாம். பல ஏடுகளை ஒப்பிட்டார், பாடபேதங்களைக் குறித்தார். அவர் திருத்தத்தை ஏற்காதவர் வேறு பாடத்தைத் தேர்ந்துகொள்ள முடிந்தது. ரீமாஸ்டர் செய்பவரும் பதிப்பாசிரியரே. ஆனால் எந்தப் பிரதி, எந்த வேகம், எந்த ஊசி, எதை நீக்கினார் என்ற முன்னுரையில்லாத பதிப்பாசிரியர். நாம் கேட்ட குறுந்தகட்டின் உறையில் பாடகர் படமும் பாடல் பட்டியலும் மட்டுமே இருந்தன. இந்திய பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு 60 ஆண்டுப் பாதுகாப்புதான். கிட்டப்பா வாழ்நாளில் வெளியான தட்டுகள் அந்த எல்லையை எப்போதோ கடந்துவிட்டன. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் இசைத்தட்டுகளும் இருக்கின்றன. ஒருவர் முனைந்தால் செம்பதிப்பு ஒன்று கொண்டுவரச் சட்டத் தடை இல்லை.

கே.பி. சுந்தராம்பாளுக்கு இந்தச் சங்கடம் குறைவு. 1953-ல் வந்த 'ஔவையார்' படச்சுருள் நொடிக்கு 24 சட்டகம் என்ற நிலையான வேகத்தில் ஓடுவது. அதில் ஒலிக்கும் அம்மையாரின் சுருதியைப் பெருமளவு நம்பலாம். அவருடைய இளமைக்காலத் தட்டுகளை அதன் அருகில் வைத்து, வயதின் இறக்கத்துக்கும் இடம்விட்டு, வேகத்தை ஓரளவு ஊகிக்கலாம். அப்படிப் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு சுருள்கூட கிட்டப்பாவுக்கு இல்லை. அன்று மாலை நண்பர் தட்டுப்பெட்டியின் வேகத் திருகை மெல்ல இறக்கிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் குரலின் கூர்மை தணிந்து, இருபது வயது கடந்த ஆண்மகனின் நெஞ்சொலி தெரிந்தது. சுருதிப் பெட்டி நான்கரையைக் காட்டியது. நண்பர் அந்த வேகத்தைச் சாக்கட்டியால் பெட்டியின் ஓரத்தில் குறித்துவைத்தார்.