மூணரை வட்டி: ஒரு பெயரிடலின் வரலாறு

சங்கரன்கோவிலில் வட்டியை யாரும் ஆண்டுக் கணக்கில் சொல்வதில்லை. நூற்றுக்கு மாதம் எவ்வளவு என்பதே பேச்சு. ‘ரெண்டு வட்டி’ என்றால் தெரிந்த ஆள், நகை ஈடு உண்டு. ‘மூணு வட்டி’ பரவாயில்லை. ‘அஞ்சு வட்டி’ என்றால் அவசரம். பத்து என்றால் அந்த வீட்டில் ஏதோ நடந்திருக்கிறது. விசைத்தறிச் சத்தத்துக்குள் வளர்ந்த எனக்கு வாய்ப்பாட்டுக்கு முன்பே இந்த எண்கள் தெரியும்.

சில வருடங்களுக்கு முன் பக்கத்து வீட்டுத் தறிக்கார அண்ணாச்சி ஒரு தாளோடு வந்தார். சென்னையில் வேலைக்குச் சேர்ந்த மகனுக்கு ஒரு வங்கி கொடுத்த கிரெடிட் கார்டின் மாதக் கணக்கு அது. தங்கச்சி கல்யாணச் செலவை அவன் அதில் தேய்த்திருந்தான். “தம்பி, இதுல வட்டி எங்க போட்டிருக்கு, பாரு” என்றார். பொடி எழுத்தில் மாதம் 3.5 சதவீதம் என்றிருந்தது. “மூணரை வட்டியா? இதுக்கு நம்ம தெருவுலயே வாங்கியிருக்கலாமே. பயலுக்குக் கூறு இல்ல.”

அண்ணாச்சி ஒரு மூச்சில் செய்த இந்த ஒப்பீட்டை நமது சட்டம் செய்ய மறுக்கிறது. (அரியும் அரனும் ஒன்றென்று காட்ட ஒரு கோயிலே இருக்கிற ஊரில் இதில் அதிர்ச்சியடைய ஒன்றுமில்லை.) கந்துவட்டி என்பது ஒரு விகிதத்தின் பெயரா, அல்லது கொடுக்கிற ஆளின் பெயரா? இதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

1918-இன் கொடுவட்டிக் கடன் சட்டம் அளவுக்கு மீறிய வட்டியென்றால் கணக்கைத் திறந்து பார்க்கும் அதிகாரத்தை நீதிமன்றத்துக்குக் கொடுத்தது. 1930களின் பெருமந்தத்தில் விளைபொருள் விலை விழுந்து கடன் பெருகியபோது, ராஜாஜி அமைச்சரவை 1938-இல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1932 அக்டோபர் 1-க்கு முந்தைய கடன்களில், 1937 அக்டோபர் 1 வரை நிலுவையில் இருந்த வட்டி தள்ளப்பட்டது. பெரிய காரியம்தான். ஆனால் நிலத்தில் ஏதோவொரு உரிமை இருந்தால்தான் ‘விவசாயி’. தறி மட்டுமே வைத்திருந்தவன் அந்தச் சொல்லுக்கு வெளியே நின்றான். 1957-இன் லேவாதேவிக்காரர் சட்டம் வட்டிக்கு உச்சவரம்பு வைத்தது. வங்கிகளுக்கு அது பொருந்தாது. 1969-இல் 14 வங்கிகள் நாட்டுடைமையானபோது, வட்டிக்காரரிடமிருந்து நம்மை மீட்க வந்த ஆளாகவே வங்கி நமக்கு அறிமுகமானது. அந்த நம்பிக்கைதான் பின்னால் மூலதனமாகியது.

1980-இல் சென்ட்ரல் பேங்க் ஆஃப் இந்தியா இந்நாட்டின் முதல் வங்கிக் கார்டை வெளியிட்டது. நான்கே ஆண்டுகளில், 1984-இல், வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தில் 21ஏ என்ற பிரிவு நுழைந்தது. வங்கி வாங்கும் வட்டி அதிகம் என்ற காரணத்துக்காக எந்த நீதிமன்றமும் கணக்கைத் திறக்கக் கூடாது என்கிறது அது. 1918 திறந்த கதவு வங்கிக்கு மட்டும் சாத்தப்பட்டது. அமெரிக்காவிலும் இதே தடம். 1958-இல் பேங்க் ஆஃப் அமெரிக்கா, கேட்காமலே 60,000 கார்டுகளைத் தபாலில் அனுப்பிப் பார்த்த ஊர் ஃப்ரெஸ்னோ. நியூயார்க் அல்ல, கலிபோர்னியாவின் விவசாயப் பிரதேசத்து ஊர். 1978-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், வங்கி எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலத்து வட்டியை நாடு முழுக்க வசூலிக்கலாம் என்றது. வட்டி வரம்பைத் தளர்த்திய தெற்கு டகோட்டாவுக்கு சிட்டிபேங்க் தன் கார்டு வியாபாரத்தை மாற்றிக்கொண்டது.

தமிழ்நாட்டின் 2003 சட்டம் ஒரு விசித்திரப் பிரதி. தினவட்டி, மணிவட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எனத் தெருவின் சொற்களை எடுத்து வரையறுத்து, மூன்றாண்டு வரை சிறை என்கிறது. தேவையான சட்டம், அதை நான் இளக்காரம் செய்யவில்லை. ஆனால் 2017 அக்டோபர் 23 அன்று, பலமுறை மனுக் கொடுத்து ஓய்ந்த ஒரு கூலித் தொழிலாளி நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் மனைவி, இரண்டு சின்னப் பெண் பிள்ளைகளோடு தீக்குளித்தபோது அந்தச் சட்டத்துக்கு வயது பதினான்கு. நாலு பேரும் பிழைக்கவில்லை. அதைப் பற்றிக் கேலிச்சித்திரம் வரைந்தவரைக் கைது செய்வதில்தான் அரசுக்கு வேகம் இருந்தது.

மறுபக்கம், 2008-இல் தேசிய நுகர்வோர் ஆணையம், கார்டுக்கு ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது நியாயமற்ற வணிகம் என்றது. நம்மூர்க் கணக்கில் ரெண்டரை வட்டி. 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. வட்டியைப் பார்த்துக்கொள்ள ரிசர்வ் வங்கி இருக்கிறது. கார்டு வைத்திருப்பவர் நிபந்தனைகளை அறிந்தவர். தீர்ப்பின் சாரம் இதுதான். ஆக, சட்டச் சொல்லாடல் இரண்டு கடனாளித் தன்னிலைகளை உருவாக்கிவிட்டது: ஏமாந்த, எழுத்தறியாத, இரக்கத்துக்குரிய கந்துவட்டிக் கடனாளி, படித்த, கையெழுத்திட்ட, எனவே இரக்கம் தேவையில்லாத கார்டுக் கடனாளி. அண்ணாச்சி வீட்டில் இவ்விருவரும் அப்பனும் மகனும்.

‘நிதி நிலைத்தன்மை’ என்றொரு சொல்லும் புழங்குகிறது. 2003-இல் தென்கொரியாவில் எல்ஜி கார்டு நிறுவனம் கவிழப் பார்த்தபோது, கடன் கொடுத்திருந்த வங்கிகள் சேர்ந்து தூக்கி நிறுத்தின. 2023 நவம்பர் 16 அன்று நமது ரிசர்வ் வங்கி, வங்கிகளின் கார்டுக் கடனுக்கான இடர் எடையை 125-லிருந்து 150 சதவீதமாக்கியது. அதாவது அந்தக் கடன் மூழ்கினால் தாங்க வங்கி கூடுதல் மூலதனம் வைத்திருக்க வேண்டும். சில மாதங்களில் நாட்டின் கார்டுகள் 10 கோடியைத் தாண்டின. வங்கி கவிழாமலிருக்க ஏற்பாடு உண்டு. வீடு கவிழாமலிருக்க?

என்னிடமும் கார்டு இருக்கிறது. சம்பளம் வந்ததும் முழுசாகக் கட்டிவிடுவேன், வட்டியே இல்லை, பாயிண்ட் வேறு தருகிறார்கள். அந்தச் சலுகையில் ஒரு பங்கு அண்ணாச்சி மகனின் மூணரை வட்டியிலிருந்து வருகிறது என்பதை அன்று அந்தத் தாளைப் படிக்கும்வரை நான் யோசித்ததில்லை.

கணக்குப் போட்டுக் காட்டினேன். பாக்கி 50,000. குறைந்தபட்சம் கட்ட வேண்டியது 5 சதவீதம், 2,500. வட்டி 1,750, அந்த வட்டிக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், 315. அசலில் கழிவது 435. வரியோடு பார்த்தால் மூணரை இல்லை, நாலு வட்டிக்கு மேலே.

மகனால் முடியவில்லை. அண்ணாச்சி தண்டலில் வாங்கினார்: பத்தாயிரத்துக்கு ஒன்பதாயிரம் கையில், நூறு நாள் நூறு நூறாக வசூல். அதில் மூன்று மாதம் கார்டுக்குக் கட்டினார்கள். நூறாவது நாள் தண்டல் நோட்டை அடித்துக் கொடுத்துவிட்டுப் போனார் வசூல்காரர். கார்டு பாக்கியில் குறைந்திருந்தது சுமார் 1,300 ரூபாய்.