ஏற்புடைமை விதியும் எளியோர் வழக்கும்

உரிமை பறிக்கப்பட்ட ஒருவர் நீதிமன்றப் படியேறியதும் அவர்தம் துயரம் கேட்கப்படும் என்றே நாம் எண்ணுகிறோம். பன்னாட்டு நீதிமன்றங்களில் நடைமுறை அவ்வளவு எளியதன்று. வழக்கின் நியாயத்தை ஆராயுமுன், அதனை விசாரணைக்கு ஏற்கலாமா என்னும் வினா அங்கு எழுகிறது. இதுவே ஏற்புடைமை எனப்படும்.

1950-ஆம் ஆண்டு உரோம் நகரில் கையெழுத்தான ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கை, முறையிடுவோர்க்கு இரு முதன்மை நிபந்தனைகளை விதித்தது. சொந்த நாட்டிலுள்ள தீர்வழிகள் அனைத்தையும் முதலில் நாடியிருத்தல் வேண்டும். இறுதி முடிவு வந்த ஆறு மாதங்களுக்குள் முறையிடுதல் வேண்டும். இக்கால எல்லை 2022 முதல் நான்கு மாதங்களாயிற்று. முதல் நிபந்தனையின் உட்பொருள் தெளிவானது: தவற்றைத் திருத்தும் முதல் வாய்ப்பு அந்தந்த நாட்டுக்கே உரியது.

ஆயினும், ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை நாம் அறிவோம். தீர்வழி சட்டநூலில் மட்டுமே இருப்பின் என் செய்வது?

1992-ஆம் ஆண்டின் இறுதியில், தென்கிழக்குத் துருக்கியில் ஸெக்கி அக்சோய் என்னும் உலோகத் தொழிலாளி காவலில் வைக்கப்பட்டார். கைகளைப் பின்புறம் கட்டித் தொங்கவிட்டதால் அவருடைய இரு கைகளும் செயலிழந்தன. விடுவிக்கப்படுமுன் அவர் அரசு வழக்குரைஞர் முன் நிறுத்தப்பட்டார். காயங்களைப் பற்றி விசாரிப்பது அவ்வதிகாரியின் சட்டக் கடமை, அவர் விசாரிக்கவில்லை. 1993-இல் அக்சோய் ஐரோப்பிய மனித உரிமை ஆணையத்திடம் முறையிட்டார். 1994 ஏப்ரலில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். வழக்கைத் தந்தை தொடர்ந்து நடத்தினார்.

உள்நாட்டுத் தீர்வழிகளை அக்சோய் நாடவில்லை, ஆகவே வழக்கை ஏற்கலாகாது என்று துருக்கி அரசு வாதிட்டது. ஸ்ட்ராஸ்பர்க் நகரிலுள்ள ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 1996 டிசம்பர் 18-இல் அவ்வாதத்தை மறுத்தது. கண்முன் தெரிந்த காயத்தையே அதிகாரி பொருட்படுத்தாதபோது, நாட்டில் நீதி கிட்டாது என அவர் நம்பியது இயல்பே என்று கூறியது. இது அவ்வழக்கின் தனிச்சூழலுக்குரிய விலக்கு என்பதையும் தெளிவுபடுத்தியது. ஒரு நாடு சித்திரவதை இழைத்தது என அந்நீதிமன்றம் முதன்முறையாக அறிவித்ததும் இத்தீர்ப்பிலேதான்.

விதி இன்றும் நிலைத்திருக்கிறது. அது தேவையும் கூட. 2011-இல் அந்நீதிமன்றத்தில் தேங்கிய முறையீடுகள் 150,000-ஐத் தாண்டின. வடிகட்டாமல் அவற்றை விசாரித்தல் இயலாது. எனினும், விதியைக் கற்கும் நாம் அதன் நோக்கத்தையும் கற்றல் வேண்டும். வழி இருக்கிறதா என்று கேட்பதோடு நில்லாமல், அவ்வழியில் இம்மனிதரால் நடக்க இயலுமா என்றும் கேட்பதே நீதி.