மாண்டலினில் பிடில் மெட்டுகள்

மாண்டலினில் பிடில் மெட்டுகள் என்பது, நடனத்திற்காக வயலினில் வாசிக்கப்பட்டு வந்த நாட்டார் இசைமெட்டுகளைக் கித்தார் பக்கவாத்தியத்துடன் மாண்டலினில் இசைக்கும் முறையைக் குறிக்கும். ஐக்கிய அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதி இசையிலும் புளூகிராஸ் இசையிலும் இது பரவலாகக் காணப்படுகின்றது. இம்மெட்டுகளுள் பல அயர்லாந்து, இசுக்கொட்லாந்துக் குடியேறிகளின் வழி வந்தவை.

வாசிக்கும் முறை

மாண்டலினின் எட்டுத் தந்திகள் நான்கு இணைகளாக அமைந்துள்ளன. இவை வயலினைப் போலவே ஜி, டி, ஏ, ஈ எனச் சுருதி கூட்டப்படுவதால், விரல் வைக்கும் ஒழுங்கு இரு கருவிகளிலும் ஒத்திருக்கும். ஆயினும் வில் இன்மையால் மாண்டலினின் ஒலி விரைவில் அடங்கிவிடும். எனவே நீண்ட சுரங்களை ஒலிக்க ஒரே இணையை விரைவாக மேலும் கீழும் மீட்டுவர். பெரும்பாலான மெட்டுகள் இரு பகுதிகளைக் கொண்டவை. ஒவ்வொரு பகுதியும் இருமுறை வாசிக்கப்படும்.

கித்தாரின் பங்கு

கித்தார் கலைஞர் தாழ்ந்த ஒலியுடைய தந்தி ஒன்றையும், அடுத்து மற்றத் தந்திகளைச் சேர்த்தும் மாறிமாறி மீட்டித் தாளத்தைக் காப்பார். ஏ சுருதியில் அமைந்த மெட்டுகளுக்கு, இரண்டாம் கட்டில் கேப்போ எனும் கவ்வியைப் பூட்டி, ஜி சுருதிக்குரிய விரலமைப்பிலேயே வாசிப்பது வழக்கம்.

பில் மன்றோ

இம்மெட்டுகள் பெரிதும் செவிவழியாகக் கற்கப்பட்டமையால், வாசிப்பவருடனேயே மறைந்துபோகக் கூடியவையாக இருந்தன. கென்டக்கி மாநிலத்தைச் சேர்ந்த பில் மன்றோ (1911–1996), இளவயதில் தன் தாய்மாமன் பென் வாண்டிவரின் பிடிலுக்குக் கித்தார் வாசித்தவர். பின்னாளில் மாண்டலின் கலைஞராகப் புகழ்பெற்ற அவர், மாமனிடம் கேட்ட மெட்டுகளைப் பதிவுசெய்து, 1972 இல் அவர் பெயரிலேயே இசைத்தொகுப்பாக வெளியிட்டார்.